வலியைத் தொலைத்த கைகள்: கொல்லிமலையில் வளர்ந்த ஒரு டாக்டரின் கதை

வலியே இல்லாத உடம்பு வேணும்னு வேண்டிக்காதவங்க யாரும் இருக்க மாட்டாங்க. அப்படி ஒரு உடம்பு நிஜமாவே கிடைச்சுட்டா என்ன ஆகும்னு உலகத்துக்குத் தெளிவா காட்டின டாக்டர் நம்ம பக்கத்து ஆள். கொல்லிமலையில் ஓடி விளையாடி வளர்ந்தவர். பேர் பால் பிராண்ட். எம்பிபிஎஸ் படிக்கும்போது இவர் பேரை நாங்க ஒரு வரியில் தாண்டிப் போயிட்டோம். சேலம், நாமக்கல் ஜனங்கள்ல நிறைய பேருக்கு அந்த ஒரு வரியும் தெரியாது. அதுக்குத்தான் இந்த நீள இழை. கொஞ்சம் பொறுமையா படிங்க, கடைசியில் உங்க வீட்டு ஆளுங்க காலுக்கே வந்து சேரும்.

1914ல் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். அப்போ கொல்லிமலைக்கு ரோடு கிடையாது, கொண்டை ஊசி வளைவும் கிடையாது. மேல போகணும்னா நடக்கணும், முடியலைன்னா டோலி. மலேரியா ஒரு பக்கம், நரம்புச் சிலந்தி ஒரு பக்கம். ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை. கொஞ்ச காலம் மருத்துவப் பயிற்சி எடுத்தவர், அவ்வளவுதான். அந்த மலையில் அதுவே பெரிய விஷயம். 1929ல் மலேரியா முத்தி கருநீர்க் காய்ச்சலாகி அதே மலையில் இறந்துட்டார். மகன் அப்போ இங்கிலாந்தில் படிச்சுக்கிட்டிருந்தார், 9 வயசிலேயே அனுப்பி வச்சிருந்தாங்க. அம்மா பின்னாடி திரும்ப மலைக்கு வந்து, 1974ல் சாகும் வரை மலை ஜனங்களோடதான் இருந்தாங்க. அந்தம்மாவைப் பத்தி தனி இழையே எழுதலாம்.

பிராண்டுக்கு மலையில் இருந்த நாட்கள்ல ஒரு ஞாபகம் அழியவே இல்லை. ஒரு நாள் தொழுநோய் வந்த மூணு பேர் வீட்டு வாசலுக்கு வர்றாங்க. எத்தனையோ புண்ணை வெறும் கையால் கழுவுற அப்பா, அன்னிக்கு மட்டும் கையுறை போட்டுக்கறார். பாதங்களைக் கழுவி, மருந்து வச்சு, கட்டுப் போட்டு அனுப்பறார். பிள்ளைகளுக்கு வெளியே வரக் கூடாதுன்னு உத்தரவு. அவங்க போனதும் உட்கார்ந்திருந்த இடத்தைத் தேய்ச்சுக் கழுவறாங்க. எதுக்குமே பயப்படாத அப்பா இதுக்கு மட்டும் பயந்தார்ங்கறது பையன் மனசில் தங்கிடுச்சு.

இளவயசில் அவருக்கு டாக்டர் ஆகற ஆசையே கிடையாது. நாலஞ்சு வருஷம் தச்சு வேலை, கொத்து வேலை கத்துக்கிட்டார். உளி பிடிச்ச கை. அப்புறம்தான் மருத்துவம், அறுவை சிகிச்சை. ரெண்டாம் உலகப் போர்ல லண்டன் மேல குண்டு விழுந்த காலத்தில் அங்கேயே பயிற்சி. 1946ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். மனைவி மார்கரெட்டும் டாக்டர், பிறகு தொழுநோயில் கண் எப்படிப் பாதிக்கும்ங்கறதில் உலகமே கேட்டுத் தெரிஞ்சுக்கிற நிபுணர் ஆனாங்க.

வேலூருக்கு வந்த கொஞ்ச நாள்ல டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்க செங்கல்பட்டு போறார். திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை அவர் பொறுப்பில் இருந்தது. (1955ல் மத்திய அரசு எடுத்துக்கிட்டது. இன்னிக்கும் மத்திய தொழுநோய் நிலையமா இருக்கு.) தோட்டத்தில் நடக்கும்போது விரல் மடங்கி, நகங்கள் உள்ளே பார்த்த மாதிரி இருக்கிற கைகளைப் பிராண்ட் பார்க்கறார். இதுக்கு ஏன் எலும்பு மருத்துவர்கள் யாரும் எதுவும் செய்யலைன்னு காக்ரேன்கிட்ட கேக்கறார். நீங்கதான் எலும்பு டாக்டர், நீங்களே சொல்லுங்கன்னு காக்ரேன் திருப்பிக் கேக்கறார்.

அங்க இருந்த ஒரு நோயாளியின் மடங்கின கைக்குள்ள தன் கையை வச்சு, இறுக்கிப் பிடின்னு சொல்றார். செத்துப் போன கைன்னு நினைச்சு கொடுத்த கையை அந்த மனுஷன் பிடிச்ச பிடியில் பிராண்டுக்கு உயிர் போற வலி. நகம் தோல்ல இறங்குது. விட்டுட்டு முகத்தைப் பார்த்தா அந்த ஆள் சாதாரணமா நிக்கிறார். தான் எவ்வளவு அழுத்துறோம்னே அவருக்குத் தெரியலை.

அந்த ஒரு கைகுலுக்கலில் ரெண்டு விஷயம் இருந்துச்சு. முதல் விஷயம், முன்கையில் இருக்கிற தசைகள் நல்லாத்தான் இருக்கு. கெட்டுப் போனது குறிப்பிட்ட சில நரம்புகள் மட்டும். முழங்கையை எங்கயாவது இடிச்சா சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான் முதல் பலி. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். அதனால தோலுக்குப் பக்கத்தில் ஓடுற நரம்புகளை, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், முகம்னு இடம் பார்த்துத் தாக்கும். அப்படின்னா நல்லா இருக்கிற தசையோட நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாத்திக் கட்டலாம். தச்சு வேலை தெரிஞ்ச கை இதைத்தான் யோசிக்கும். 1948 வாக்கில் ஆரம்பிச்ச இந்த அறுவை சிகிச்சை வேலூரிலும், 1955ல் உருவான கரிகிரி மருத்துவமனையிலும் வளர்ந்து உலகம் முழுக்கப் போச்சு.

ரெண்டாவது விஷயம்தான் இந்த இழையோட மையம்: அந்த மனுஷனுக்கு ஏன் தெரியலை?

அந்தக் காலத்து டாக்டர்கள் உட்பட எல்லாரும் நம்பினது, தொழுநோயில் சதையே அழுகி விரல் உதிர்ந்து விழும்னு. 'கெட்ட சதை', அதனால வெட்டினா ஆறாதுன்னு ஒரு முடிவு. பிராண்ட் வெட்டினார், ஆறிச்சு. நல்ல சதை மாதிரியே ஆறிச்சு. அப்புறம் விரல் எப்படிக் குறையுது? இதைக் கண்டுபிடிக்க அவர் செஞ்சது பெரிய ஆராய்ச்சிக்கூட வேலை இல்லை. வேலூரில் தன்கிட்ட தங்கியிருந்த இளைஞர்களோட கையையும் காலையும் தினமும் பார்த்தார். ஒவ்வொரு புண்ணுக்கும், இது எங்க, எப்போ, எதனால வந்துச்சுன்னு போலீஸ் விசாரணை மாதிரி தோண்டினார்.

ஒரு தடவை துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணைத் திறக்க முடியாம அவர் திணறிக்கிட்டிருந்தார். நோயாளிப் பையன் ஒருத்தன், ஒல்லிப் பையன், நான் திறக்கறேன்னு வந்து சாவியை ஒரு திருகு திருகினான், திறந்துடுச்சு. இவருக்கு ஆச்சரியம், இவ்வளவு பலமான்னு. தரையில் ரத்தச் சொட்டு. பையன் விரலைப் பார்த்தா சாவி அறுத்து எலும்பு தெரியுது. பையனுக்குத் தெரியவே தெரியாது. நமக்கெல்லாம் அவ்வளவு பலம் இல்லாம இல்லைங்க. அந்த பலத்துக்கு முன்னாடியே வலி வந்து கையைப் பிடிச்சுக்கும்.

இப்படி ஒவ்வொண்ணா மாட்டுச்சு. சூடான பாத்திரத்தை வெறும் கையால் எடுக்கறது. செருப்புக்குள்ள ஆணி குத்தினது தெரியாம நாள் முழுக்க நடக்கறது. சிலருக்கு மட்டும் ராத்திரி படுத்து எழுந்தா விரல் நுனியைக் காணோம், அது எப்படின்னே புரியலை. ராத்திரி முழிச்சு காவல் இருந்து பார்த்ததில் விடை கிடைச்சுது: எலி. தூங்குற ஆளோட விரலை எலி கடிச்சுத் தின்னுட்டுப் போகுது, அவருக்கு முழிப்பே வரலை. வைத்தியம்? ஆளுக்கொரு பூனை. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு சல்லிசான, இவ்வளவு சரியான மருந்துச்சீட்டு வேற கிடையாது.

கண்ணிலும் இதே கதைதான். கருவிழியில் உணர்வு போயிட்டா கண் சிமிட்டணும்னே தோணாது. தூசி உறுத்தாது, காஞ்சு போறது தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா பார்வை போயிடும்.

ஆக, கிருமி விரலைத் தின்னலை. கிருமி உணர்வைத் தின்னுது. மிச்சத்தை அன்றாட வாழ்க்கை பார்த்துக்குது.

இங்க கொஞ்சம் நிதானிக்கணும். தொல்காப்பியம் உயிர்களை அறிவுக் கணக்கில் வகைப்படுத்தும்போது முதல் அறிவா வச்சது கண்ணும் இல்லை, காதும் இல்லை. தொடு உணர்வு. அதுக்கு மேல சுவை, மூக்கு, கண், செவி, கடைசியா மனம். மேல இருக்கிற மனசு, அடியில் இருக்கிற தொடு உணர்வை நம்பித்தான் இது என் உடம்புன்னு சொல்லுதுங்கறதை வேலூர் நோயாளிகள்கிட்ட பிராண்ட் பார்த்தார். அவங்க தன் கையைப் பத்திப் பேசும்போது அது ஏதோ ஒரு கருவி, ஒரு கரண்டி மாதிரி பேசினாங்க. கண்ணுக்குத் தெரியுது, சொன்னபடி அசையுது, ஆனா 'நான்' அதில் இல்லை. கவனமா இருன்னு எத்தனை தடவை சொன்னாலும் கரண்டியை யார் கவனமாப் பார்ப்பாங்க? இது ஒழுக்கக் குறைவு இல்லை, சோம்பல் இல்லை. உணர்வு இல்லாத உறுப்பு, மூளையோட 'எனது' கணக்கிலிருந்து விலகிப் போயிடுது. பல வருஷம் கழிச்சு, 1998ல், போட்வினிக், கோஹன்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாக் காட்டினாங்க. ரப்பர் கை ஒண்ணை முன்னாடி வச்சு, அதையும் மறைச்சு வச்ச நிஜக் கையையும் ஒரே நேரத்தில் தூரிகையால் தடவினா, கொஞ்ச நேரத்தில் அந்த ரப்பர் கை தன் கைன்னே தோண ஆரம்பிச்சுடுது. தொடு உணர்வு சேர்ந்தா ரப்பரும் நம்ம கை. அது போயிட்டா நம்ம கையும் ரப்பர்.

பிராண்டுக்கே ஒரு ராத்திரி இது நடந்துச்சு. 1953ல் இங்கிலாந்தில், நீண்ட ரயில் பயணம் முடிஞ்சு, காய்ச்சலோட அறைக்கு வந்து காலுறையைக் கழட்டறார். குதிகாலில் உணர்வு இல்லை. ஊசியால் குத்தறார். ரத்தம் வருது, வலி வரலை. தொழுநோயாளிகளோட ஏழு வருஷம் வேலை செஞ்ச ஆளுக்கு என்ன தோணும்? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. குடும்பம், பிள்ளைகள், இனி யார் பக்கத்தில் வருவாங்கன்னு ஒரே யோசனை. காலையில் எழுந்து அதே இடத்தில் திரும்பக் குத்தினார். சுரீர்னு வலிச்சுது. ரயிலில் உட்கார்ந்த உட்கார்ப்பில் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருந்திருக்கு, காய்ச்சல் மயக்கம் வேற. அந்த வலி அளவுக்கு தனக்கு வேற எதுவும் சந்தோஷம் கொடுத்ததில்லைங்கற மாதிரி பின்னாடி எழுதியிருக்கார்.

அறுவை சிகிச்சை முடிஞ்சு கை நேரான நோயாளிகள் சிலர் திரும்பி வந்து சொன்ன புகார் இன்னொரு பாடம்: கை நல்லா ஆயிடுச்சு, அதனால பிச்சை விழ மாட்டேங்குது. நோய்த் தழும்பு இருக்கிறவனுக்கு வேலை கொடுக்கவும் யாரும் இல்லை. டாக்டர் பழைய தச்சராகி, 1951ல் வேலூரில் நவஜீவன நிலையம்னு ஒரு இடத்தில் அவங்களுக்கு மரவேலை கத்துக் கொடுத்தார். உணர்வில்லாத கையால் உளி பிடிக்கறது எப்படி, கைப்பிடியை எப்படித் தடிமனாக்கறது, வேலை முடிஞ்சதும் கையைக் கண்ணால் எப்படிச் சோதிக்கறதுன்னு. செருப்புக்காகவும் மெனக்கெட்டாங்க. மென்மையா, ஆனா நசுங்கிப் போகாத நுண்துளை ரப்பர். இன்னிக்கு அரசு மருத்துவமனையில் தொழுநோய்ப் பாதிப்பு உள்ளவங்களுக்கு இலவசமாக் கொடுக்கற எம்சிஆர் செருப்பு அந்த வழியில் வந்ததுதான்.

1966ல் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்க அவர் குழு செஞ்ச ஒரு முயற்சிதான் இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஏன்னா அது தோல்வி. செயற்கை வலி செய்யப் பார்த்தாங்க. கையுறையில், காலுறையில் அழுத்தம் அறியும் சின்னச் சின்னக் கருவிகள். அழுத்தம் அதிகமானா காதில் பீப் சத்தம். நோயாளி சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வேலையைத் தொடர்ந்தார். விளக்கு எரிய வச்சாங்க. அதையும் பார்த்துக்கிட்டே தொடர்ந்தார். கடைசியில், உணர்வு இருக்கிற அக்குளில் லேசா கரண்ட் ஷாக். அது வலிச்சுது. அப்போ என்ன பண்ணாங்க தெரியுமா? அழுத்தம் தர வேண்டிய வேலை வந்தா ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு, வேலையை முடிச்சுட்டு, திரும்ப ஆன் பண்ணிக்கிட்டாங்க. பல வருஷ உழைப்பை மூட்டை கட்டினாங்க.

தகவல் வேற, வலி வேறங்கறது இதில் வெளியே வந்துச்சு. அழுத்தம் கூடிடுச்சுங்கற தகவல் அந்த நோயாளிக்குக் கிடைச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா வலிங்கறது, உடனே நிறுத்துன்னு கட்டாயப்படுத்தற, நம்மால் அணைக்க முடியாத ஒண்ணு. மறுபக்கமும் உண்டு: 1944ல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் ஹென்றி பீச்சர்ங்கற மருத்துவர், பெரிய காயம் பட்ட வீரர்கள்ல கால்வாசிப் பேர்தான் வலிக்கு மருந்து கேட்டதைக் கவனிச்சார். உயிரோட வீட்டுக்குப் போகப் போறோம்ங்கற நினைப்பே வலியை அமுக்கிடுச்சு. புலன் அனுப்பறது ஒண்ணு, மூளை அதை என்னவா எடுத்துக்குதுங்கறது வேறொண்ணு.

இன்னொரு தமிழ்நாட்டு டாக்டரை இங்க விட முடியாது. நம்ம மேட்டூர் அணைத் தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம்னு பேர் இருக்குல்ல, அந்த மெட்ராஸ் கவர்னர் ஸ்டான்லி பேர்லதான் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும். அங்க படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கை துண்டிக்கப்பட்டவங்களை ஆராய்ஞ்சார். இல்லாத கை அவங்களுக்கு வலிக்குது, விரல் இறுகிக் கிடக்கற மாதிரி தவிக்கிறாங்க. ஒரு பெட்டியில் கண்ணாடி வச்சு, இருக்கிற கையோட பிம்பத்தை இல்லாத கை இருந்த இடத்தில் காட்டி அசைக்கச் சொன்னார். சிலருக்கு அந்த இறுக்கம் விட்டுச்சு. பிராண்ட் பார்த்தது இருக்கிற கை, மூளையில் இல்லை. ராமச்சந்திரன் பார்த்தது இல்லாத கை, மூளையில் இருக்கு.

சரி, இதெல்லாம் பழைய கதை, தொழுநோய்தான் குறைஞ்சுடுச்சேன்னு கேப்பீங்க. குறைஞ்சிருக்கு, ஒழியலை. தோல்ல வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல், அதைத் தொட்டா உணர்வு இல்லைன்னா தயவு செஞ்சு மறைக்காம வாங்க. 6 மாசமோ 12 மாசமோ மாத்திரை, முழுக்க இலவசம், முழுக்க குணமாகும்.

ஆனா பிராண்டோட கதை இன்னிக்கு ஓடுறது வேற நோயில். 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். சர்க்கரை, உடம்பிலேயே நீளமான நரம்புகளை முதல்ல கெடுக்கும். அதனால கால் விரல்லேர்ந்து ஆரம்பிச்சு காலுறை போட்ட மாதிரி மேல ஏறும். முதல்ல எரிச்சல், மதமதப்பு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. எரிச்சல் நின்னதும் நோய் நல்லாயிடுச்சுன்னு சந்தோஷப்படறவங்களை எங்க ஓபியில் வாராவாரம் பார்க்கறோம்.

இங்க மேட்டூரில் வர்ற கால்களோட கதை, வேலூர் விசாரணைக் குறிப்பு மாதிரியே இருக்கும். கால் மதமதன்னு இருக்குன்னு சுடுதண்ணியில் வச்சு வெந்துபோன கால். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் குளிச்சுட்டு, முனியப்பன் கோயிலுக்குச் சுடுற தரையில் வெறுங்காலோட நடந்து வந்த கொப்புளம். பைக் சைலன்சர். பாதி வழியில் செருப்பு கழண்டது தெரியாம மீதி வழி ஒத்தைச் செருப்போட நடந்து வந்தவர். ஏனுங்க முன்னாடியே வரலைன்னு கேட்டா பதில் எப்பவும் ஒண்ணுதான்: "வலி இருந்தா வராம இருப்பனுங்களா சார்?" இவங்களைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. வலிதான் மனுஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்ற வண்டி. வண்டியே இல்லாத ஆளை ஏன் வரலைன்னு கேக்கறோம்.

இதில் எங்க பக்கத்துத் தப்பும் இருக்கு, டாக்டர்கள்னு பொதுவாச் சொல்றேன். சுகர் அளவு பார்ப்போம், மாத்திரை எழுதுவோம், செருப்பைக் கழட்டச் சொல்ல மாட்டோம். கூட்டம் அப்படி. கால் துண்டிப்பைக் குறைக்க என்ன செய்யலாம்னு அமெரிக்க சுகாதாரத் துறை பிராண்டைக் கேட்டப்போ, ஏதாவது பெரிய கருவி சொல்வார்னு எதிர்பார்த்தாங்க. நோயாளியோட ஷூவையும் காலுறையையும் கழட்டிப் பார்க்கச் சொல்லி டாக்டர்களுக்கு ஒரு இயக்கம் நடத்துங்கன்னார்.

கார்வில்லில் பிராண்ட் கண்ட இன்னொரு விஷயம், உணர்வு இருக்கிறவன் ரொம்ப தூரம் நடந்தா தன்னையறியாம நடையை மாத்துவான். குதிகாலிலிருந்து பாதத்தின் ஓரத்துக்கு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குன்னு பாரத்தை மாத்திக்குவான். உணர்வு இல்லாதவன் நொண்டவே மாட்டான். ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ஆயிரம் தடவை. குத்தின ஆணியை விட, அலுக்காத அந்த நடைதான் பாதப் புண்ணுக்குப் பெரிய காரணம். புண் வர்றதுக்கு முன்னாடி அந்த இடம் சூடாகும். அதனால தினமும் ராத்திரி புறங்கையால் ரெண்டு பாதத்தையும் தடவிப் பாருங்க. ஒரு இடம் மட்டும் சூடா இருந்தா மறுநாள் நடையைக் குறைக்கணும், எங்ககிட்டயும் காட்டணும்.

நாங்க பாதத்தில் வளையற மாதிரி ஒரு நைலான் நரம்பு வச்சு அழுத்திப் பார்ப்போம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அது தெரியலைன்னா காலுக்குக் காவல் போயிடுச்சுன்னு அர்த்தம். அந்த 10 கிராம் கணக்கும் 1980களில் கார்வில்லில், தொழுநோய்க் கால்களையும் சர்க்கரைக் கால்களையும் சேர்த்துப் பார்த்துப் போட்டதுதான். டேம்ல மீன் பிடிக்கிறவங்க பார்த்தா, இது நம்ம தூண்டில் நரம்பாச்சேம்பாங்க. அதேதான், அளவெடுத்தது மட்டும் வித்தியாசம்.

அது இல்லாமலும் வீட்டில் பார்க்கலாம். அப்பாவையோ அம்மாவையோ படுக்கச் சொல்லி கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்க ஆள்காட்டி விரலால் ஒண்ணு ரெண்டு நொடி லேசாத் தொடுங்க. அழுத்தாதீங்க, தட்டாதீங்க. தொடறப்போ எந்தக் கால்னு அவங்க சொல்லணும். மொத்தம் ஆறு விரல். அதில் ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா உணர்வு குறைஞ்சிருக்கு. பக்கத்து அரசு மருத்துவமனைக்கு, இல்லைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, சுகர் நோயாளிகளைப் பார்க்கற நாளில் கூட்டிட்டு வாங்க. தினமும் போடுற செருப்பையே போட்டுட்டு வரச் சொல்லுங்க, அதோட உள்பக்கத்தையும் நாங்க பார்க்கணும்.